உத்திரமேரூர்க் கல்லும் கடைசிப் பேருந்தும்

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலை என்று சொல்லப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் கருங்கற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், வெட்டுவிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டு அறிக்கையில் அறிஞர் வெங்கையா அவற்றை வெளியிட்ட நாள்தொட்டு ஊரின் புகழ் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஊருக்கு முப்பது குடும்புகள். குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் கைவிட்டு ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்திருக்க அதனை உள்ளங்கையில் ஏற்று, அவையறிய வாசிப்பான். நாம் பலமுறை அச்சுவரின்முன் நின்றிருக்கிறோம். வெளியூரிலிருந்து வரும் அன்பர்கள் குடத்தைப் பற்றியே கேட்கிறார்கள். கணக்கைப் பற்றிக் கேட்போர் அரியர்.

நம் எண்ணத்தில் அக்கல்வெட்டின் உயிர் கணக்கில்தான் இருக்கிறது. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதிருந்தவனின் பெயர் மறுபடி குடத்தில் விழலாகாது. அவனோடு தண்டனை முடிந்துவிடுவதுமில்லை. சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவுமுறையை வரிசையாகச் சொல்லி, அவர்கள் பெயரையும் விலக்குகிறது கல். ஒருவனது கணக்குக்கு ஒரு குடும்பமே பிணையென்றால், வீட்டிலேயே அவனைத் தட்டிக்கேட்க நாலு பேர் இருந்திருப்பார்கள் அன்றோ! வாரியத்தின் காலம் முந்நூற்றறுபது நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். முந்திய மூன்றாண்டில் வாரியம் செய்தவர் திரும்ப வருவதற்கில்லை. ஊருக்கு முள்ளாய் இருப்போரைக் கிராம கண்டகர் என்று பெயரிட்டு, பிராயச்சித்தம் செய்துகொண்டாலும் அவர்களுக்கு இடமில்லை என்று அடைத்துவிட்டார்கள். 919இல் எழுதிய விதிகளை 921இலேயே திருத்தி எழுத நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. வயது வரம்பு முப்பது முதல் அறுபது என்றிருந்தது, முப்பத்தைந்து முதல் எழுபது என்றாயிற்று. தீயோர் கெட்டு நல்லோர் தழைக்கவே இவ்வேற்பாடு என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டாண்டில் ஊரில் என்னதான் நடந்ததோ!

இதனைக் குடியாட்சியின் தொட்டில் என்று முழங்குவோருடன் நாம் முழுமனத்தோடு சேர்வதற்கில்லை. உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையில் அமர்ந்தவர்கள் வேதம் கற்ற, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடைய அந்தணர்கள். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அங்கே ஓலையில்லை, பெண்களுக்கும் இல்லை. இன்று தமிழகத்து உள்ளாட்சிகளில் சரிபாதி இடம் பெண்களுக்கென்று 2016இல் சட்டம் ஆயிற்று. அந்த வகையில் நாம் அக்கல்லைத் தாண்டி நெடுந்தூரம் வந்துவிட்டோம். கணக்கில் மட்டும் அதன் அருகில்கூட வந்து சேரவில்லை.

2020ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், தம் உரையில் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துப் போற்றினார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்நாளில் உத்திரமேரூர்ப் பேரூராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் நின்றுபோயிற்று. அதன்பின் பேரூராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் நாள்தான் நடந்தது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் நடந்தது. அதுவரை தனி அலுவலர்களே ஆண்டார்கள். முந்நூற்றறுபது நாளைக்கு ஒருமுறை ஆளை மாற்றிய ஊரில் ஐந்தாண்டுக்கு மேல் குடமே இல்லை.

இத்தனையும் ஏன் சொல்லவந்தோம் என்றால், எம் ஊரில் ஒரு பேருந்து நின்றுபோனதைச் சொல்லத்தான்.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் அடங்கிய ஊராட்சிகளுள் எம்முடையது ஒன்று. பெயர் இங்கு வேண்டியதில்லை. உத்திரமேரூருக்கு இரயில் கிடையாது. காஞ்சிபுரம், செங்கற்பட்டு, மதுராந்தகம், வந்தவாசி என்று எத்திசைக்குப் போவதானாலும் பேருந்துதான். அங்கிருந்து எம் ஊருக்கு இரவு எட்டரை மணிக்கு ஒரு நடை இருந்தது. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் வேலைபார்க்கும் பெண்கள், மாலை வகுப்பு முடித்து வரும் பிள்ளைகள், சந்தைக்குப் போய்த் திரும்பும் சிறு வியாபாரிகள் என்று அதில் வருவோர் உண்டு. கூட்டம் நிரம்பி வழிந்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஒருநாள் அந்த நடை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் கழிந்தபின்தான் நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. ஊரில் யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை.

பெருஞ்சாலையில் இறங்கினால் ஊருக்கு இரண்டரைக் கிலோமீட்டர் நடக்கவேண்டும். பாதி வழி ஏரிக்கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கழனி, நடுவில் ஒரு வீடுகூட இல்லை. கரையில் இருந்த மின்விளக்குகளும் அப்போது எரியவில்லை. காஞ்சிபுரத்தில் செவிலியர் படிப்புப் படித்துவந்த ஒரு பெண்ணை அவளுடைய தகப்பனார் மிதிவண்டியில் போய் அழைத்துவருவார். அவருக்கு இரவு வேலை விழுந்த நாட்களில் தாயார் டார்ச் விளக்குடன் கரைவழியே தனியே நடந்துபோவார். மூன்றாம் மாதத்தில் அந்தப் பெண்ணின் படிப்பை நிறுத்திவிட்டார்கள். கரையில் ஒரு கெட்ட சம்பவமும் நடக்கவில்லையே என்று எம்மிடம் ஓர் அதிகாரி கேட்டார். உண்மைதான். நடக்கவேண்டியவர்கள் நடப்பதையே விட்டுவிட்டால் சம்பவம் எங்கிருந்து நடக்கும்?

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்தில் வந்தது. சாதாரண நகரப் பேருந்துகளில் அது எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது என்பதை நாமறிவோம். அதன் பயனைப் பெறவும் பேருந்து ஊருக்கு வந்தாகவேண்டுமே! ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வண்டிகள் மட்டும் அதே பெருஞ்சாலையில் நள்ளிரவிலும் வைகறையிலும் வேளை தவறாமல் ஓடுகின்றன.

மனு எழுதினோம். ஜமாஅத்தாரும் கோயில் தர்மகர்த்தாவும் மகளிர் குழுவினரும் ஒரே தாளில் கையொப்பமிட்டார்கள். நான்கு இடங்களுக்குப் போயிற்று அம்மனு. ஓரிடத்தில் வசூல் போதவில்லை என்றார்கள். வேறோரிடத்தில், ரோந்துக்கு ஆள் அனுப்புகிறோம், பேருந்து எங்கள் பொறுப்பன்று என்றார்கள். மற்றோரிடத்தில் உரிய அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளோம் என்று பதில் வந்தது. அந்த உரிய அலுவலகம் நாம் முதலில் மனுக்கொடுத்த இடமேதான். எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள், அதில் குறையில்லை.

கடைசியாக ஊராட்சித் தலைவரிடம் போனோம். ஏரிக்கரை விளக்குகளைக் குறித்துக்கொண்டார். பேருந்தைப் பற்றி எடுத்ததும் அந்த அம்மையார் சிரித்துவிட்டார்.

"பாய், லைட்டு போடுறது என் கையில இருக்கு, போட்டுடறேன். பஸ் விடுறது என் கையிலயா இருக்கு? என்னை எவன் கேக்குறான்?"

பத்து நாளில் விளக்குகள் எரிந்தன. சொன்ன சொல்லைக் காத்தார். அவர் கேட்ட கேள்வி மட்டும் நம்மை விடவில்லை. எடுத்துவைத்துப் படித்தோம்.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கென இரண்டு அட்டவணைகளைச் சேர்த்தன. ஊராட்சிகளுக்குரிய பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள். அவற்றுள் சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள், படகுத்துறைகள், நீர்வழிகள் எல்லாம் உண்டு. நகர அமைப்புகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையில் தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக்கழிப்பிடம் உண்டு. இரண்டிலும் பேருந்து இல்லை. நிழற்குடை கட்டலாம், அதற்கு விளக்குப் போடலாம், கூட்டிப் பெருக்கலாம். அங்கே எந்த வண்டி எப்போது நிற்கும் என்று கேட்கும் பொருள் அந்தப் பட்டியல்களில் இல்லை. வழித்தட உரிமம் வழங்குவது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரே அந்த ஆணையம். அரசுப் பேருந்துகளின் நடைகளைக் கூட்டுவதும் குறைப்பதும் கழகத்தார் கையில். காஞ்சிபுரத்துக்குரிய கோட்டத்தின் தலைமையகமோ விழுப்புரத்தில் இருக்கிறது.

எப்போதும் இப்படித்தானா என்று தேடினால் வியப்பு காத்திருக்கிறது. வெள்ளையர் காலத்து 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, பயணிப் பேருந்துக்கு உரிமம் வழங்குமுன் போக்குவரத்து ஆணையம் எவற்றையெல்லாம் கருதவேண்டும் என்று சொல்கிறது. பொதுமக்கள் நலம், குறிப்பிட்ட ஊர்களுக்குக் கிடைக்கும் பயன், சாலையின் நிலை ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, அந்தப் பாதை கடந்துசெல்லும் எல்லைக்குரிய உள்ளாட்சி அமைப்போ காவல் துறையோ முறையிட்டால் அதனையும் கருதியாகவேண்டும் என்கிறது. ஊர்மன்றமும் காவலும் பேருந்தும் ஒரே வாக்கியத்தில் அமர்ந்திருந்தன! 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. பழைய பேருந்து முதலாளிகள் புதியவர்களை நுழையவிடாமல் அந்தப் பிரிவின்கீழ் வழக்காடி வந்தார்கள். அந்த முட்டுக்கட்டையை நீக்குவது நோக்கம்; நியாயமான நோக்கமே. களையோடு பயிரையும் பிடுங்கிவிட்டார்கள். முதலாளியின் தடைமனுவோடு ஊராட்சியின் முறையீடும் போயிற்று. நான்கே ஆண்டு கழித்து உள்ளாட்சிக்கு அரசியல் சட்டத்தில் அரியணை போட்டபோது, பிடுங்கியதைத் திரும்ப நட யாருக்கும் தோன்றவில்லை.

பாதுகாப்பும் பயணமும் வேறு வேறு துறை என்பது அலுவலகங்கள் வகுத்த பிரிவினை. முன்னோர் அப்படிப் பிரிக்கவில்லை. உத்திரமேரூர்க் கல்லெழுதி ஒரு நூற்றாண்டு சென்று, 1058இல் பக்தாதில் மறைந்த இமாம் மாவர்தீ, அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்னும் ஆட்சியியல் நூலில் முஹ்தசிப் என்னும் நகரக் கண்காணிப்பாளரின் கடமைகளை விரித்துரைத்திருக்கிறார். நிறைகல்லும் முகத்தலளவையும் சரிபார்ப்பவர் என்றே நம்மிற் பலர் அவரை அறிந்திருக்கிறோம். படகுக்காரன் தாங்கும் அளவுக்கு மேல் ஆளும் சரக்கும் ஏற்றாமல் தடுப்பதும், கடுங்காற்றில் படகைச் செலுத்தவிடாமல் நிறுத்துவதும் அவர் வேலைதான். பெண்கள் ஏறினால் அவர்களுக்குத் தனித்தடுப்பு வேண்டும், பெரிய படகாயின் அவர்களுக்கென ஒதுங்கிடமும் வேண்டும் என்பது வரை அந்நூல் பேசுகிறது. வண்டி, வழி, பயணியின் மானம் மூன்றையும் ஒருவரே பார்த்துக்கொண்டார். நம் பேருந்து நிலையங்களின் ஒதுங்கிடங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தப் பக்கத்தைப் படிப்பவர்க்குப் பெருமூச்சுத்தான் வரும்.

இக்காலத்திலும் வழி தேடியவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனுக்கு வெளியே பேருந்துகளை உள்ளாட்சியின் பிடியிலிருந்து அவிழ்த்துவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் முதல் யாரும் எந்தத் தடத்திலும் ஓட்டலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம் என்றாயிற்று. 2017இல் வந்த புதிய சட்டத்தைக் கொண்டு மான்செஸ்டர் வட்டார மன்றம் 2023 செப்டம்பர் தொடங்கி 2025 சனவரிக்குள், மூன்று கட்டமாக, தன் பேருந்துகளைத் திரும்பத் தன் பொறுப்புக்குக் கொண்டுவந்தது. தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் மன்றம் வகுக்கிறது. தனியார் கூலிக்கு ஓட்டுகிறார்கள். அந்நாட்டு மன்றங்களில், காவல்துறையும் மன்றமும் சேர்ந்து செய்யும் பாதுகாப்புப் பணிகளை ஆராய உறுப்பினர் குழு வேண்டுமென்று 2006ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டார்கள். நாடு வேறு, செல்வம் வேறு என்பீர்கள். எம் ஊராட்சி பேருந்து வாங்கி ஓட்டவேண்டுமென்று நாமும் கேட்கவில்லை.

நாம் கேட்பது கணக்கு மட்டுமே. இந்த ஊராட்சியின் எல்லைக்குள் வரவேண்டிய நடைகள் எத்தனை, வந்தவை எத்தனை, நிறுத்தியவை எவை, ஏன் நிறுத்தினார்கள் என்பதை ஆண்டுக்கொருமுறையாவது பொறுப்புள்ள அலுவலர் ஒருவர் கிராம சபையில் வந்து வாசிக்கவேண்டும். எந்த நிறுத்தத்தில், எந்த வழியில் ஆபத்து என்று காவல் நிலையத்தாரும் அங்கேயே சொல்லவேண்டும். நடையொன்றை நிறுத்துமுன் ஊராட்சிக்கு ஒரு மாதம் முன்னறிவிப்புத் தரவேண்டும். மஹல்லாவில் ஆண்டுக்கணக்கு வாசிக்காத முத்தவல்லியை நம்மவர்கள் சும்மா விடுகிறார்களா? நூறு வீட்டுச் சந்தாவுக்கு உள்ள மரியாதை ஓர் ஊரின் கடைசிப் பேருந்துக்கு வேண்டாமா?

2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் ஆகியவற்றோடு மார்ச் 22ஆம் நாளும், உள்ளாட்சி நாளான நவம்பர் 1ஆம் நாளும் சேர்ந்துகொண்டன. மேற்சொன்ன மூன்றையும் தீர்மானமாக எழுதித் தலைவரம்மையிடம் கொடுத்திருக்கிறோம். கூட்டப் பொருளில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். படிப்பை நிறுத்திய பெண்ணின் தாயார் எழுந்து பேசச் சம்மதித்திருக்கிறார். கூட்டத்தைக் காலையில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். பக்கத்துக் குக்கிராமத்துப் பெண்கள் பொழுதிருக்கவே வீடு திரும்பவேண்டும்.