யார் துடைக்கப்போகிறார்கள்?

பிளாஸ்டிக் சாமான் கடை வாசலில் மாப்புகளைத் தலைகீழாக வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். நூல் மாப், ஸ்பாஞ்ச் மாப், தட்டை மாப், வாளியோடு வரும் ஸ்பின் மாப். “எது நல்லா இருக்கும்ணே?” என்று கேட்டால், “எல்லாமே நல்லாப் போகுதுக்கா” என்பார் கடைக்காரர். நாம் கேட்டது தரையைப் பற்றி. அவர் சொல்வது வியாபாரத்தைப் பற்றி.

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் வீட்டில் என்ன தரை, என்ன தண்ணீர், யார் துடைக்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

மதுரைப் பக்கம் பழைய வீடுகளில் காவித்தரை உண்டு. சிமெண்ட்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து, கொத்தனார் கரண்டியால் இழைத்து இழைத்து மெருகேற்றிய தரை. ஈரத்துணி படப்பட மின்னும். நாள் கிழமைக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பவர்களும் உண்டு. ஆத்தங்குடிக் கல்லும் இதற்கு உறவுதான். கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றிக் கையாலேயே செய்வது. புழங்கப் புழங்கப் பளபளப்பு கூடும். இவை இரண்டுக்கும் ஆசிட் ஆகவே ஆகாது. மார்பிளுக்கும் அப்படியே. அது சுண்ணாம்புக் கல் வழி வந்தது என்பதால் எலுமிச்சைச் சாறும் வினிகரும் பட்டால்கூட மெருகு போய்விடும். இந்தத் தரைகளுக்கு மிருதுவான நூல் மாப்போ, பழைய வேட்டித் துணியோ போதும்.

இப்போது கட்டுகிற வீடுகளில் பெரும்பாலும் விட்ரிஃபைடு டைல்ஸ். அது தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. மாப்பிலிருந்து வடிகிற தண்ணீர் முழுக்க மேலேயே நிற்கும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்துவிட்டால், காய்ந்தபின் தரை முழுக்க வெள்ளைத் திட்டு. கறுப்பு கிரானைட் போட்ட வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். டைல்ஸ் தரைக்கு மாப் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அதை ஒட்டப் பிழிய முடிகிறதா என்பதைத்தான்.

நூல் மாப் விலை மலிவு, சிந்தின பாலையும் சாம்பாரையும் ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். ஆனால் கையால்தான் பிழிய வேண்டும். பினாயில் தண்ணீரில் தினமும் முங்கும் விரல்களுக்குத்தான் அதன் உண்மையான விலை தெரியும். ஸ்பாஞ்ச் மாப் காய்ந்தால் கட்டையாகிவிடும். ஊறவிடாமல் மடக்கினால் ஒடியும். தட்டை மாப் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் சுலபமாக நுழையும். அதன் மைக்ரோஃபைபர் துணி, பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளால் ஆனது. உலர்ந்த நிலையிலேயே தூசியையும் முடியையும் பிடித்துக்கொள்ளும். துவைக்கும்போது வாசனைக்காக கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றக்கூடாது. அது இழையில் படிந்து, துணி தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும்.

ஸ்பின் மாப் பார்க்க ஜோர். கைப்பிடியை அழுத்தினால் கூடை சுழன்று தண்ணீரை விசிறி எடுத்துவிடும். வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். கூடை ஸ்டீலா, பிளாஸ்டிக்கா? வாளிக்கு அடியில் தண்ணீர் திறந்துவிட மூடி இருக்கிறதா? மாற்றுத் துணி தனியாகக் கிடைக்கிறதா? ஒரு கம்பெனித் துணி இன்னொரு கம்பெனித் தட்டில் பெரும்பாலும் பொருந்துவதில்லை. இதைக் கேட்காமல் வாங்கினால், துணி கிழிந்த அன்று வாளி வெறும் வாளியாகிவிடும்.

மாப்பின் சரித்திரத்தைப் பார்த்தாலும் தரையைவிடத் துடைப்பவரின் முட்டியும் மணிக்கட்டும்தான் அதில் அதிகம் பேசப்படுகின்றன. ஸ்பெயினில் பெண்கள் மண்டியிட்டுத் தரை தேய்த்துக்கொண்டிருந்த 1956-இல், மனுவேல் ஹலோன் என்ற பொறியாளர் குச்சியையும் பிழியும் வாளியையும் சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1990-இல் ஜாய் மங்கானோ என்ற பெண், கை நனையாமலே முறுக்கிப் பிழியும் மாப்பைச் செய்தார். அவர் வாழ்க்கையை ஒட்டி 2015-இல் ‘ஜாய்’ என்று சினிமாவே வந்தது. 

நம் வீடுகளில் நடப்பது வேறு. மாப்பைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், துடைப்பவர் இன்னொருவர். சோபாவில் சாய்ந்தபடி போனில் ஐந்து நட்சத்திரம் பார்த்து ஆர்டர் போடுகிறவர், ஒரு நாளும் அந்தக் குச்சியைத் தொடப்போவதில்லை.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அக்கா, கடையில் ஸ்பின் மாப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வட்டமா இருக்கே, மூலைக்கு எப்படிம்மா போகும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்து வாளியைத் தூக்கிப் பார்த்தார். எட்டு லிட்டர் தண்ணீர் என்றால் எட்டு கிலோ. வாளியின் எடை தனி. அதைத் தூக்கி பாத்ரூமில் ஊற்றப்போவது அவர்தானே? கடைசியில் குச்சியைத் தன் பக்கத்தில் நிறுத்தி வைத்து, தோளுக்கு வருகிறதா என்று அளந்தார். குச்சி குட்டையாக இருந்தால் இடுப்பை வளைத்தே துடைக்க வேண்டியிருக்கும். மூன்றையும் பார்த்துவிட்டு, நீளக் குச்சி போட்ட தட்டை மாப்பும் துணி இரண்டும் போதும் என்று சொல்லிவிட்டார். மூலைமுடுக்குக்கு மட்டும் பழைய துணி. எந்த விளம்பரமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

எந்த மாப் வாங்கினாலும் அதைக் காயவைக்கத் தெரிய வேண்டும். துடைத்து முடித்ததும் அலசிப் பிழிந்து, துணிப் பக்கம் மேலே இருக்கும்படி வெயிலில் வையுங்கள். அழுக்குத் தண்ணீரிலேயே ஊறவிட்டால், மறுநாள் அந்த நாற்றத்தைத்தான் வீடு முழுக்கப் பூசுவோம். கழிவறைக்கென்று வேறு நிறத்தில் தனித் துணி இருப்பதும் அவசியம்.

அடுத்த முறை மாப் வாங்கும்போது, வீடு துடைப்பவர் யாரோ அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். அம்மாவோ, மனைவியோ, வேலைக்கு வரும் அக்காவோ, அவர் கையில் குச்சியைக் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காசு கொடுப்பது மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.