மலைப்பாதையில் ஒரு 'டக் டக்'

கேமரன் மலைக்குப் போக எண்ணியிருக்கும் வாசகர்களே! தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வழி நெடுக வளைவுகள். சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய புரோட்டோன் சாகாவில் குடும்பத்தோடு கிளம்பினேன். லாத்தா இஸ்கந்தார் அருவியை நெருங்குமுன், வளைவுதோறும் முன்சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். நேரே ஓடினால் சத்தமில்லை. பிள்ளைகளின் முகம் வாடியது. "மலை எங்கே ஓடிவிடப் போகிறது, தம்பி?" என்றார் என் தாயார். இடம் பார்த்துத் திருப்பி, மெதுவாகத் தாப்பாவுக்கே இறங்கினேன்.

பட்டறைக்காரர் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, காடியை மெல்ல வட்டமடித்துப் பார்த்தார். இடப்பக்கம் திருப்பினால் வலச் சக்கரத்தில் சத்தம். இஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டு அது. 'சிவி ஜாயிண்ட்' என்பார்கள். அதைப் போர்த்தியிருந்த ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் புகுந்து, உள்ளிருந்த குண்டுகள் தேய்ந்துவிட்டன. கிழிந்தவுடன் கவனித்திருந்தால் உறையோடும் கிரீசோடும் செலவு முடிந்திருக்கும். இப்போது மூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. பால்மரத்தோடு வளர்ந்த நான் ஒரு ரப்பர் உறையைக் கவனிக்கவில்லையே என்று வெட்கப்பட்டேன்!

மலையேறுமுன் முன்சக்கரங்களைத் திருப்பி வைத்து, உள்பக்கம் குனிந்து பாருங்கள். கிரீஸ் தெறித்திருந்தால் முதலில் பட்டறை, பிறகு பயணம். மறுவாரம் நாங்கள் போனோம். மலை அங்கேயேதான் இருந்தது.