எந்த வளைவு

நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குப் போகிற ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் மலையேறும் கோஷ்டியில் மூத்தவரான அவரிடம் வளைவுக்கு ஒரு கதை இருந்தது. நாமக்கல்லில் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடித்தவர். மலைக்கு வரும்போதும் நகக்கண்ணில் நீலமோ சிவப்போ ஒட்டியிருக்கும். 20இல் கரடி துரத்தியது. 33இல் சிறுத்தை எதிரே வந்து நின்றது. இன்னும் மேலே, சங்கப் பாடல்களில் வருகிற கொல்லிப்பாவையே அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

நான் இதையெல்லாம் நோட்டில் குறித்து வந்தேன். ஒரு தடவை, 33இல் நின்ற சிறுத்தை இப்போது 41க்கு வந்துவிட்டதே என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். 'ஏனுங் தம்பி, சிறுத்தை ஒரே எடத்துலயே உக்காந்திருக்குமா?' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்று செம்மேடு போய்ச் சேரும் வரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு வருவதே குறைந்துபோயிற்று. உண்மையின் பக்கம் நின்றதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் கேட்கப் போனபோது சிறுத்தைக் கதையைச் சொன்னேன். 'அவரா? ஊட்டுல நாலு வார்த்தை சேந்தாப்புல பேசமாட்டாருங்களே' என்றார் அவர் மனைவி. பொய் சொல்கிறவனைப் பார்ப்பதுபோல மகன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள், 'எந்த வளைவுலீங்க?' என்று கேட்டார்.

52 என்றேன். அது என் நோட்டில் இல்லை.