பத்துச் சுற்றும் 1035 மீட்டரும்

ஒரு கணக்கு சொல்றேன், சரியா பாருங்க. ஸ்ரீரங்கம் கோயிலின் வெளி மதில் சுற்றளவு 4116 மீட்டர் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். மாரத்தான் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். வகுத்துப் பார்த்தால் பத்துச் சுற்று போக மிச்சம் 1035 மீட்டர். ராஜகோபுரத்திலிருந்து தெற்கே போனால் அம்மா மண்டபம் படித்துறை ஏறக்குறைய அந்தத் தூரம்தான். ஆக, பத்துத் தடவை பெருமாளைச் சுற்றிவிட்டு நேரே காவிரியில் போய் விழுந்தால் ஒரு மாரத்தான். ஆற்றில் தண்ணி இருந்தால் :-)

(கணக்குப் புலிகளுக்கு: நான் ஓடுவது மதிலுக்கு உள்பக்கம், அடையவளஞ்சான் தெருவில். அதனால் சுற்றுக்குக் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும் என்று ஃபோனைக் கேட்டால் தினம் ஒரு பதில் சொல்கிறது.)

அந்த 195 மீட்டர் எதுக்கு என்று பாதிப் பேர் கேட்கிறீர்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் விண்ட்சர் அரண்மனையில் ஆரம்பித்து, மைதானத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அதற்கு வந்த தூரம் அது. 1921-ல் அதையே எல்லோருக்கும் சட்டமாக்கிவிட்டார்கள். யாரோ ஒரு ராஜா வீட்டுத் தூரத்தை உலகமே ஓடுகிறது. எங்கள் ஊரில் ரங்கராஜா வீட்டைச் சுற்றி நான் ஓடுவதில் என்ன தப்பு?

சரி, மேட்டருக்கு வருவோம். வருகிற ஜனவரியில் என்னுடைய முதல் மாரத்தான். காலேஜ் கடைசி வருஷம். "படிப்பு முடியறவரைக்கும் ஓடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று பெண் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால் எனக்கு இந்த ஒரு சீசன்தான் கையில் இருக்கிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தப் பந்தயத்தையும் தள்ளிப்போட முடியாது.

வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மதிலுக்குள் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், காவிரிப் பாலம் தாண்டக் கூடாது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது பாதி நியாயம் தெரிகிறது. விடிகாலை நாலரை மணிக்குத் தனியாக ஒரு பெண் ஓடுவதற்கு இதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவில் இருக்குமா என்று சந்தேகம். அந்நேரத்துக்கே வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்திருப்பார்கள், விசுவரூப தரிசனத்துக்குப் போகிறவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள், பால்காரர் சைக்கிள் மணி கேட்கும். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் விளக்கு எரியும்.

அதே கண்கள்தான் தொல்லையும். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே என்னைப் பற்றிய ரிப்போர்ட் வந்து சேர்ந்துவிடும். முதல் சுற்றில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது சுற்றில் "என்னம்மா, ஏதாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார் ஒரு மாமி. ஐந்தாவதில் "ஏதாவது வேண்டுதலா?" ஆமாம் மாமி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மரியாதை கூடியிருக்கிறது.

இதில் யாரும் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் எழுதாத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு சுற்றுக்கு நாலு மூலை, பத்துச் சுற்றுக்கு நாற்பது. நாற்பதும் வலது பக்கத் திருப்பம். ஒரே பக்கம் திரும்பித் திரும்பி ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் வேலை அதிகமாகும். டிராக்கில் ஓடுகிறவர்களை அதனால்தான் பயிற்சியின்போது அவ்வப்போது எதிர்ப்பக்கம் ஓடச் சொல்வார்கள். ஒரு நாள் நானும் திருப்பி ஓடிப் பார்த்தேன். கீழவாசல் போவதற்குள் மூன்று பேர் நிறுத்தி "அப்பிரதட்சிணமா போகாதம்மா" என்றார்கள். மூன்றாமவரோடு வாதாடிப் பார்த்தேன், தோற்றேன். இப்போது நடுவே உத்திர வீதிக்குள் புகுந்து வளைந்து சமாளிக்கிறேன்.

திருச்சிக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. லால்குடி பக்கம் வாளாடியிலிருந்து வந்தவர் ஆரோக்கிய ராஜீவ். 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 4x400 ரிலேயில் 3 நிமிடம் 0.25 நொடி ஓடி ஆசிய சாதனை செய்த நால்வரில் ஒருவர். திருச்சியின் சுபா வெங்கடேசனும் அதே டோக்கியோவில் கலப்பு ரிலே ஓடினார். எல்லாம் 400 மீட்டர், டிராக்கில் ஒரு சுற்று. நம்ம ஊர் ஒரு சுற்றில் கெட்டி. பத்துச் சுற்றுக்குத்தான் துணைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது.

பெண்கள் நெடுந்தூரம் ஓடக் கூடாது என்று உலகமே ரொம்ப நாள் நம்பியது. 1928 ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள், உடனே பயந்துபோய் எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-ல். 1966-ல் பாஸ்டனில் பாபி கிப் புதருக்குள் ஒளிந்திருந்து, கூட்டத்தோடு கலந்து முழு மாரத்தானையும் ஓடினார். பாஸ்டன் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-ல். ஒலிம்பிக்ஸில் பெண்கள் மாரத்தான் 1984-ல்தான், அதில் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடி. நான் போன மாசம் 21 கிலோமீட்டரை 2 மணி 25 நிமிடத்தில் முடித்தேன். அதாவது நான் பாதி ஓடுகிற நேரத்தில் அவர் முழுசையும் முடித்துவிட்டு ஏழெட்டு நொடி காத்திருந்திருப்பார்.

இதை வைத்து முழு மாரத்தானுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட ஒரு சூத்திரம் இருக்கிறது. பீட்டர் ரீகல் என்ற எஞ்சினியர் 1977-ல் எழுதியது. தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாகாது, சுமார் 2.085 மடங்காகும். எனக்கு 5 மணி 2 நிமிடம் வருகிறது. நான் மனசில் வைத்திருப்பது 5 மணி. அந்த ரெண்டு நிமிடத்துக்காக இப்போதே தூக்கம் கெடுகிறது. முதல் தடவை ஓடுகிறவர்கள் பெரும்பாலும் சூத்திரம் சொல்வதைவிட மெதுவாகத்தான் வருவார்கள் என்பது வேறு. முப்பது கிலோமீட்டர் வாக்கில் உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீர்ந்துபோகும், அப்புறம் நடப்பது சூத்திரத்தில் அடங்காது.

எந்தப் பந்தயம் என்பதில்தான் மண்டை காய்ந்தது. சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரங்களில். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் மிக நீளமான ஓட்டத்தை ஓடிவிட்டு, அப்புறம் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது பொதுவான முறை. பின்னாலிருந்து எண்ணினால் அது டிசம்பர் நடுவில் வருகிறது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மார்கழி. வைகுண்ட ஏகாதசி, பகல் பத்து, இராப் பத்து. ஏகாதசி ஒரே தேதியில் நிற்பதும் இல்லை. 2025-ல் ஜனவரி 10-லும் வந்தது, டிசம்பர் 30-லும் வந்தது. அந்த நாட்களில் தெருவில் தடுப்புக் கட்டி, வண்டி நிறுத்தி, வெளியூர்க் கூட்டம் நிறைந்திருக்கும். நடக்கவே இடம் இருக்காது, எட்டுச் சுற்று ஓடுவதாவது! அதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்றால் நவம்பர் முழுக்க மழை, கூடவே செமஸ்டர்.

பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் இருக்கிறதே என்றாள் தோழி. 2008-ல் ஆரம்பித்தது. செம்மண் காட்டுப் பாதை, பரிசு கிடையாது, நேரம் குறிக்கிற சிப் கிடையாது, ஓடுகிற சந்தோஷத்துக்கு ஓடு என்பார்கள். தேதிப்படி பார்த்தால் எனக்கென்றே வைத்த மாதிரி இருக்கிறது. பரீட்சை முடிந்திருக்கும், ஏகாதசி முடிந்திருக்கும், பொங்கல் சமயத்து விடியற்காலைக் குளிர்வேறு. ரெண்டு நாள் யோசித்தேன். ஆனால் எனக்கு நேரம் வேண்டும். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாதவர்கள் ஓட வேண்டிய அழகான பந்தயம் அது. நான் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. என் பெயரும் பக்கத்தில் ஒரு நேரமும் போட்ட காகிதம் ஒன்று கூடத்துச் சுவரில் தொங்க வேண்டும், "எதுக்கு இந்த வேலை" என்று கேட்கிற ஒவ்வொரு சொந்தக்காரரும் அதன் கீழே உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும்.

கோவை மாரத்தானையும் பார்த்தேன். 2013-லிருந்து புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடத்துகிறார்கள், 21 கிலோமீட்டர் பிரிவு உண்டு. ஆனால் சமீப வருஷங்களில் அதுவும் டிசம்பரில்தான். ரெண்டு மூன்று வாரம் முன்னால் போய் நெஞ்சு வெடிக்க 21 ஓடிவிட்டு வந்தால் சென்னைக்குக் கால் மிச்சம் இருக்காது. மெதுவாக ஓடுகிறேன் என்று சொல்லலாம்தான். பக்கத்தில் யாராவது முந்தினால் நான் மெதுவாக ஓடுகிற ஜாதி இல்லை.

ஆகவே சென்னை. பல்லவனில் சனிக்கிழமை காலையே போய்விட வேண்டும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால், வண்டி போய்ச் சேரும்போது பந்தயம் நடந்துகொண்டிருக்கும். திருவல்லிக்கேணியில் சித்தி வீடு. சித்தப்பா கேட்ட ஒரே கேள்வி: "பணம் கட்டி ஓடறியா?"

சாப்பாட்டு விஷயத்தில் அப்பாயிதான் கோச். இங்கே ஒரு மணி நேரம் ஓடினால் சட்டையைப் பிழியலாம். வெறும் தண்ணியாகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரைக்கும், சில சமயம் உயிருக்கே ஆபத்து வரைக்கும் போகும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்பாயிக்கு அதெல்லாம் தெரியாது. உப்புப் போட்ட நீர்மோரை ஒரு சொம்பில் ஊற்றித் திண்ணையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒவ்வொரு சுற்றிலும் குடித்தே ஆக வேண்டும். சுற்று எண்ணுவதற்கு ஒரு புளியங்கொட்டை. கடலைமிட்டாய் பாதி. ஜெல் என்று கடையில் விற்பதன் விலையைச் சொன்னேன், "அதுல என்ன தங்கமா போட்டிருக்கான்" என்றார்.

கடைசியில் மிச்சம் இருந்தது அந்த நீள ஓட்டம். டிசம்பர் முதல் ஞாயிறு, 32 கிலோமீட்டர். மதிலுக்குள்ளேயே ஓடினால் முப்பது மூலை. சென்னைப் பாதையோ நீளமாக நேராகப் போகிறது. ஸ்ரீரங்கம் தீவே தட்டையான ஊர், சின்ன ஏற்றம் வேண்டுமென்றாலும் பாலத்துக்குத்தான் போக வேண்டும். 1976-ல் திறந்த பாலம். 2022 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை பழுது பார்க்கப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். அப்போது எனக்கு ஓடுகிற எண்ணமே கிடையாது, என்ன சொல்ல.

ஒரு வாரம் யோசித்து, அம்மாவை முன்னால் விட்டு, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாவிடம் கேட்டேன். ஐந்து சுற்று தெருவில். அப்புறம் விடிந்ததும் அம்மா மண்டபம் வழியாகப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய், தில்லைநகர் சுற்றித் திரும்பி வருவது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பேப்பரை மடித்தார், விரித்தார். அம்மா அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

"நான் வண்டியில பின்னாடியே வருவேன்."

"சரிப்பா."

"நீ ஓடற வேகத்துக்கு ஃபர்ஸ்ட் கியர்லயே வரணுமே. இஞ்சின் சூடாயிடாதா?"