நில்லா விலை

விலை என்பது விற்பவன் வாய்ச்சொல். வாங்குபவன் அதனைக் கேட்கிறான், குறைத்துக் கேட்கிறான், மனம் ஒப்பினால் பணத்தை எடுக்கிறான். மடியிலிருந்து பணத்தை எடுக்கும் நேரத்துக்குள் விலை ஏறிவிட்டது என்று கூறும் வியாபாரியை எம் ஊர்ச் சந்தைகளிலே நாம் கண்டதில்லை. திருநெல்வேலிச் சந்தையிலே காலையில் ஒரு விலைக்குப் போன கீரைப்பிடி மாலையில் வேறு விலைக்குப் போகலாம். ஆயினும், ஒருவருக்குச் சொன்ன விலை, அவர் அவ்விடம் விட்டு அகலும்வரை சொன்ன விலையே. எந்த ஏட்டிலும் எழுதப்படாத இந்த ஒழுங்கின்மீதே கொடுக்கல் வாங்கல் யாவும் நடைபெறுகின்றன.

இணையத்தளத்திலே விமானப் பிரயாணச் சீட்டு வாங்க முற்பட்டோர், இவ்வொழுங்கு அங்கே செல்லாது என்பதை நன்கு அறிவர். காட்டிய விலை ஒன்று. கேட்கும் விலை வேறொன்று. உல்லாசப் பிரயாணம் போவோர்க்கு இது ஓர் எரிச்சல் மாத்திரமே. போயே தீரவேண்டியவர்க்கோ இது எரிச்சலோடு முடிவதில்லை.

சென்ற ஆண்டிலே எம் தாயார் சிவபதமடைந்தார். ரொறன்ரோவில் வாழும் எம் தங்கைக்குச் செய்தி எட்டியபொழுது அங்கே நள்ளிரவு. அவள் வந்து சேரும்வரை ஈமக்கிரியைகளைத் தாமதிப்பதென்று வீட்டிலே தீர்மானித்தோம். அவளும் இரு பிள்ளைகளுமாக வரவேண்டியவர் மூவர். கணினித் திரையிலே ஒருவருக்கு 2,150 கனடிய டொலர் என்று காட்டியது. மூவரின் பெயர்களையும் கடவுச்சீட்டு இலக்கங்களையும் பதிந்து, கடனட்டை இலக்கத்தையும் இட்டு முடிக்குமுன், கட்டணம் மாறிவிட்டதென ஓர் அறிவித்தல் தோன்றிற்று. புதிய கட்டணம் 2,540. அழுத கண்ணோடு அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை 2,790. ஒரு மணி நேரத்துக்குள் மூவருக்குமாக 1,920 டொலர் ஏறிவிட்டது. மாதச் சம்பளத்தில் வாழும் அவளால் அதனைத் தாங்க இயலவில்லை. பிள்ளைகளைச் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் விட்டுவிட்டுத் தனியே வந்தாள். அம்மம்மாவுக்குப் பந்தம் பிடிக்கவேண்டிய பேரப்பிள்ளைகளுள் இருவர் குறைந்தனர். இரு பந்தங்கள் அயல்வீட்டுப் பிள்ளைகளின் கையிற் போயின.

வந்திருந்த உறவினர் பலவாறு காரணம் கூறினர். ஒரே பயணத்தைத் திரும்பத் திரும்பத் தேடுவோரைக் கணினி இனங்கண்டு, அவர் தேவையை மோப்பம் பிடித்து விலையை ஏற்றுகிறதென்றும், 'குக்கீஸ்' எனப்படும் அடையாளக் கோப்புகளை அழித்துவிட்டுத் தேடினால் விலை இறங்குமென்றும் சிலர் சொல்லினர். இந்நம்பிக்கை உலகெங்கும் உளது. ஆனால், அதற்கு உறுதியான சான்று அரிது. உண்மையான காரணம் இதனிலும் எளியது.

விமானத்திலே சாதாரண வகுப்பு என்பது பார்வைக்கு ஒரே வகுப்பு. விற்பனைக் கணக்கிலோ அது பல சிறு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆங்கில அரிச்சுவடியின் ஓரெழுத்து அடையாளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். ஒவ்வொன்றிலும் இத்தனை ஆசனம் விற்கலாமென்று ஓர் அளவு. மலிவான பிரிவு முடிந்ததும் அடுத்த பிரிவு திறக்கும். அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவர், ஒரே உணவை உண்டுகொண்டு, இருவேறு கட்டணத்திற் பறப்பது இதனாலேயே. மலிவான பிரிவில் இரண்டு ஆசனங்களே எஞ்சியிருக்க, மூன்று ஆசனங்களை ஒருங்கே கேட்போமாயின், பெரும்பாலான முறைகள் மூன்றினையும் மேற்பிரிவின் கட்டணத்திலேயே காட்டும். குடும்பமாய்ச் செல்வோர் அறியாது கொடுக்கும் அபராதம் இது. இன்னொன்றும் உண்டு. பல கம்பனிகளின் கட்டணங்களை ஒருங்கே காட்டும் தளங்கள், சற்று முன்னர் சேமித்துவைத்த விலையையே பலவேளைகளில் காட்டுகின்றன. நாம் ஆசனத்தைத் தெரிந்தெடுத்த பின்னரே கம்பனியின் கணினியிடம் மீண்டும் கேட்கப்படுகிறது. நேற்றைய மீனின் விலையை வாசலிற் சொல்லி, உள்ளே இன்றைய விலையைக் கேட்பது போன்றது இது.

எக்காலத்தும் இவ்வாறு இருந்ததில்லை. 1945ஆம் ஆண்டிலே ஹவானா நகரில் அமைந்த சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மகாநாடுகளிலே கம்பனிகள் கூடிக் கட்டணங்களைத் தீர்மானித்தன. அரசாங்கங்கள் அவற்றை அங்கீகரித்தன. சீட்டு விலை மிக உயர்ந்ததாயினும் நிலையானதாக இருந்தது. 1972ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் பீ. ஓ. ஏ. சி. நிறுவனத்தைச் சேர்ந்த லிற்றில்வூட் என்பார் ஒரு கணக்கை வகுத்தார். மலிவாய்க் கேட்பவருக்கு ஆசனத்தை இப்போதே விற்பதா, முழுக் கட்டணம் கொடுப்பவர் வரக்கூடுமென்று காத்திருப்பதா என்ற வினாவுக்கு விடை கூறும் கணக்கு அது. 1978இல் அமெரிக்கா தன் உள்நாட்டு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைச் சட்டமூலம் நீக்கத் தொடங்கியது. 1985 சனவரியிலே அமெரிக்கன் எயர்லைன்ஸ் கம்பனி, முன்கூட்டியே வாங்குவோர்க்கு மிக மலிவாகவும் கடைசியில் வருவோர்க்கு உயர்வாகவும் விற்கும் முறையைப் பேரளவிற் கைக்கொண்டது. பின்னர் உலகமே அவ்வழியிற் சென்றது.

இம்முறையினால் நன்மையே இல்லையென்று நாம் கூறவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வர எண்ணி ஆறு மாதத்துக்கு முன்னரே சீட்டெடுக்கும் புலம்பெயர்ந்த குடும்பம் இதனாற் பயனடைகிறது. ஆனால், கீரைக்காரியின் வழியையும் இவர்கள் வழியையும் ஒப்புநோக்குக. விற்காத கீரை இரவில் வாடிவிடும். விற்காத ஆசனம் விமானம் எழுந்ததும் வீணாகிவிடும். இரண்டும் அழியும் பண்டங்களே. எனினும், பொழுது சாயச் சாயக் கீரையின் விலை இறங்குகிறது. ஆசனத்தின் விலையோ பெரும்பாலும் ஏறுகிறது. ஏன்? மாலையில் கீரை வாங்க வருபவர் வாங்காமலும் போகலாம். கடைசி நேரத்தில் ஆசனம் கேட்பவர் போகாமல் இருக்க இயலாதவர். கம்பனிச் செலவிற் பறக்கும் வர்த்தகரை மனத்திற் கொண்டு அமைத்த கணக்கு இது. அதே வரிசையிலே தாயை இழந்தவளும் வந்து நிற்கிறாள். கணக்குக்கு அவசரம் தெரியும்; அது எவ்வகை அவசரம் என்பது தெரியாது.

சட்டங்கள் சிறிது உதவுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுப் பிரமாணம், வரிகளும் தவிர்க்க இயலாத கட்டணங்களும் அடங்கிய இறுதி விலையையே காட்டவேண்டுமென விதிக்கிறது. அமெரிக்க விதியொன்று, சொன்ன விலையை 24 மணி நேரம் பணமின்றி நிறுத்திவைக்க வேண்டும், அல்லது அந்நேரத்துள் தண்டமின்றி இரத்துச் செய்ய விடவேண்டும் என்கிறது. ஆனால், பயணத்துக்கு ஏழு நாளாவது இருக்கும்போது பதிந்தவர்க்கே அவ்வுரிமை உண்டு. மரணவீட்டுக்கு ஓடுபவருக்கு ஏழு நாள் ஏது?

கனடாவில் ஒரு வழக்கு எம் கருத்தைக் கவர்ந்தது. பாட்டியார் இறந்தமையால் 2022இல் பயணஞ்செய்த ஒருவருக்கு, துக்க காலக் கட்டணச் சலுகையைப் பின்னரும் கோரலாமென எயர் கனடா தளத்தின் உரையாடு பொறி கூறியது. கம்பனியோ சலுகையை மறுத்தது. பொறியின் கூற்றுக்குத் தான் பொறுப்பல்ல என்ற வகையிலே வாதித்தது. 2024 பெப்ரவரியிலே பிரித்தானிய கொலம்பியா மாகாண நியாயசபை அவ்வாதத்தைத் தள்ளி, நட்டஈடு கொடுக்கும்படி பணித்தது. பொறி பேசினாலும் அது கடைக்காரன் சொல்லே என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தகைய நிலை எவ்வீட்டுக்கும் வரலாம். ஆகவே, சிலவற்றை வாசகர் நினைவில் வைத்தல் நன்று. பலருக்குச் சீட்டெடுக்குமுன் ஒருவருக்கு என்ன விலை என்று தனியே பார்க்க. வித்தியாசம் பெரிதாயின் பிரித்து எடுக்கலாம். எடுத்தபின், ஒரே குடும்பத்தினர் என்பதைக் கம்பனிக்கு அறிவித்தல் வேண்டும். கடவுச்சீட்டு விபரங்களை எழுதி அருகில் வைத்துக்கொண்டு தேடுக. துக்க காலச் சலுகை உண்டோவெனப் பணம் கட்டுமுன் தொலைபேசியில் கேட்க. கட்டியபின் கேட்போருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இவையெல்லாம் வாங்குவோர் செய்யத்தக்கவை. விற்போர் செய்யத்தக்கது ஒன்றே. பெயரைப் பதியத் தொடங்கியவருக்கு, பதிந்து முடிக்கும்வரை அரைமணி நேரமேனும் அந்த விலையை நிறுத்திவைத்தல் வேண்டும். நொடிக்கொரு விலை சொல்ல வல்ல பொறிக்கு இஃது அரிய காரியமன்று. ஏறுவதும் இறங்குவதும் விலைக்கு இயல்பு. சொன்ன சொல்லில் நிற்பது விற்பவனுக்குக் கடமை.