எமது மோட்டார் வண்டியும் சில இறப்பர்த் துண்டுகளும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்லூரி நினைவுகளையே எழுதலாமென எண்ணினோம். ஆயின், அவற்றை எம்மினும் நன்றாக எழுதவல்ல பழைய மாணவர் பலர் உளர். நாம் எழுத விழைவது சில இறப்பர்த் துண்டுகளைப் பற்றி. ‘இஃதென்ன பொருள்!’ என நகைப்போர் சற்றுப் பொறுத்தருள்க. அவற்றைத் தெரிவு செய்வதில் நாம் இழைத்த பிழை, எமது தந்தையாரின் முதுமைக் காலத்தில் எட்டு மாதங்களைக் கவர்ந்துகொண்டது.

நாரந்தனையில் எமது வீட்டுக் கொட்டிலில் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று நிற்கின்றது. ஆசிரியராயிருந்த தந்தையார் அதனை 1963இல் பழைய காராகவே வாங்கினார். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்து, 1948இல் வெளிவந்த இனம் அது. பத்து இலட்சம் என்னும் தொகையை முதன்முதல் எட்டிய பிரித்தானியக் காரும் அதுவே. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய அதன் உறவினரோடு அது யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடியதை நம்மவர் நன்கறிவர்.

இக்காரின் முன்சக்கரங்களை முறுக்குத் தண்டுகளும், பின்சக்கரங்களை வில்லுத் தகடுகளும் தாங்குகின்றன. இரும்புக் கைகள் உடற்சட்டத்தோடு பொருந்தும் இடங்களிலெல்லாம் இறப்பர் புஷ்கள் உண்டு. இரும்போடு இரும்பு மோதாதபடி இடையே இருந்து அடியைத் தாம் வாங்குவன அவை. அவை தேய்ந்தால், பிறேக்கை அழுத்துந்தோறும் ‘டக்’கென்று ஓசை எழும், வண்டி நேரே செல்லாது அலையும், ரயர் ஒருபுறம் மட்டும் தேயும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் உதிரிப்பாகமும் பெற்றோலும் அரியனவாயின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டிய காலம் அது. யாழ்ப்பாண நகரில் ஒதுங்கியிருந்த தந்தையார், பழைய லொறி ரயரைக் கத்தியால் சீவி, காய்ச்சிய கம்பியால் துளையிட்டு, சவர்க்கார நீர் தடவிப் புஷ்களாகப் பொருத்தினார். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே பெயர்ந்து நடந்த அந்த இரவில், பாட்டியாரையும் இரு நோயாளரையும் தென்மராட்சிக்குக் கொண்டு சேர்த்தவை அந்த ரயர்த் துண்டுகளே.

போர் முடிந்து ஊர் திரும்பிய பின், 2017இல் அவற்றை மாற்ற முற்பட்டோம். மூன்று வழிகள் இருந்தன. மீண்டும் ரயரைச் சீவுதல் ஒன்று. பழைய அமைப்பிலேயே வார்க்கப்பட்ட புதிய இறப்பர் புஷ்களைத் தருவித்தல் மற்றொன்று. பொலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளாலான புஷ்களை வாங்குதல் மூன்றாவது. கடினத்தை அளக்கும் ஷோர் அளவுகோலில் இத்தகைய இறப்பர் பெரும்பாலும் அறுபது எழுபதுக்குள் நிற்க, பொலியூரிதேன் எண்பதையும் தாண்டும். எண்ணெய் பட்டாலும் கெடாது. ஆண்டுகள் பல உழைக்கும். கணிதம் கற்பித்துப் பழகிய நாம் எண்களைக் கண்டு மயங்கினோம். இலண்டனிலுள்ள மைத்துனர் செந்நிறப் பொலியூரிதேன் புஷ்களை அனுப்பிவைத்தார்.

பொருத்திய முதல் நாள் வண்டி அம்புபோல் நேரே சென்றது. நாம் பெருமிதங் கொண்டோம். மாலைதோறும் ஊர்காவற்றுறைக் கடற்கரை வரை சென்று, காரில் இருந்தபடியே காற்று வாங்கி மீள்வது தந்தையாரின் வழக்கம். சில நாட்களில் அவர், “முழங்கால் உளைவாக இருக்குது தம்பி, நீ போட்டு வா” என்றார். பின்னர் கேட்பதையும் விட்டுவிட்டோம்.

எட்டு மாதங்களின் பின் வண்டி கிறீச்சிடத் தொடங்கியதால் கராச்சுக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த முதிய மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, “மாஸ்ரர், ஐயா என்னட்டைச் சொன்னவர். குழியிலை விழுற ஒவ்வொரு அடியும் முதுகிலை ஏறுதாம். நீங்கள் ஆசையாய்ப் போட்ட சாமான் எண்டு உங்களுக்குச் சொல்லேல்லை” என்றார். எமக்கு நா எழவில்லை.

அன்று அவர் விளக்கியதை மாணவர்க்காகவும் எழுதுகின்றோம். இறப்பர் புஷ் இருபுறமும் இரும்பை இறுகப் பற்றிக்கொண்டு, அசைவைத் தன் உடலுக்குள்ளேயே முறுகி ஏற்கின்றது, எங்கும் வழுக்குவதில்லை. ஆதலால் மணல் உட்புக இடமில்லை. பொலியூரிதேனோ தண்டின்மேல் வழுக்கிச் சுழல்வது. அதற்கென உரிய சிலிக்கோன் கிறீஸ் வற்றினால் கிறீச்சிடும். தீவகத்து மணலும் உப்புக் காற்றும் அதற்குப் பகை. வேகப் போட்டிக்கு ஓடும் வண்டிக்கு அது ஏற்றதே. எண்பத்தேழு வயதுடையவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் வண்டிக்கு அன்று.

இம்முறை இறப்பரையே தருவித்தோம். பழைய இருப்பில் கிடந்து காற்றால் இறுகியவற்றை விலக்கி, நகத்தால் அழுத்தினால் குழிந்து மீள்வனவாய், வளைத்தால் வெடிப்புக் காட்டாதனவாய்த் தெரிந்தெடுத்தோம். எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதிக் கெடுமாதலின், இயந்திரத்தின் கசிவை முதலில் நிறுத்தினோம். நான்கு சக்கரங்களும் நிலத்திலூன்றி வண்டியின் பாரம் அவற்றின்மேல் இருக்கையிலேயே மெக்கானிக் சுரைகளை இறுதியாக இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி நிற்கும்போதும் இறப்பர் முறுகியபடியே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

பிரேசிலில் தோன்றிய இறப்பர் மரம் 1876இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடவில் நடப்பட்டது. நம் நாட்டில் விளையும் பொருளின் அருமையைப் பிழை செய்தே அறிந்தோம்.

மறுநாள் மாலை, “ஐயா, கார் பழையபடி ஆயிற்று, வாருங்கள்” என்றோம். அவர் ஒன்றும் வினவாது சால்வையை எடுத்துத் தோளிலிட்டுக்கொண்டார். கரம்பன் கடந்ததும், “இப்ப நல்லாயிருக்குது” என்று மட்டும் சொன்னார். 2020இல் அவர் மறையும் வரை, அம்மாலைப் பயணம் பெரிதும் தடைப்படவில்லை.

அவர் சீவிய ரயர்த் துண்டுகளை ஒரு தகரப் பேணியில் இட்டு வைத்திருக்கின்றோம். எப்பொருளையும் தெரிவு செய்யுமுன், அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்பது அறிவுடைமை. யாருக்காக என்று கேட்பது அதனினும் முந்தியது. இதனை நாம் காலந்தாழ்த்தியே கற்றோம். இளைய மாணவர் காலத்தே கற்பாராக.