மறுபடியும் டிரெய்னி!

கீழே இருக்கும் பயோ-டேட்டாவைக் கொஞ்சம் பாருங்கள்.

பெயர்: ரிங்கு சிங். பிறந்த வருஷம்: 1988. ஊர்: உத்தரப்பிரதேசம், பதோஹி மாவட்டம், கோபிகஞ்ச். அப்பா: லாரி டிரைவர். வீட்டில் பிள்ளைகள்: ஒன்பது. முதல் அனுபவம்: ஈட்டி எறிதல். அடுத்தது: அமெரிக்காவில் பேஸ்பால். அதற்கும் அடுத்தது: நெற்றியில் பட்டை, கழுத்தில் ருத்ராட்சம் சகிதம் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தம்!

(2023 ஐ.பி.எல்.லில் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்தாரே, அந்த ரிங்கு சிங் வேறு. இவர் அடித்ததெல்லாம் ஆட்களை.)

இந்தக் காகிதத்தை ஓசூர் சிப்காட்டில் எந்த மேனேஜரிடம் நீட்டினாலும், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார். "ஏன் தம்பி, ஒரு எடத்துலயும் நிலைக்க மாட்டீங்களா?"

எங்கள் ஜவளகிரியில் இந்தக் கேள்வியைக் கேட்க மேனேஜர் தேவையில்லை. டீக்கடை பெஞ்சே கேட்கும். அதுவும் எல்லையோர ஊர் பாருங்கள்... தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையில் கேட்கும். ராகிக் கொல்லைக்கு யானை வருவதற்காவது ஒரு சீஸன் உண்டு. இந்தக் கேள்விக்கு வருஷம் முழுக்க சீஸன்.

ரிங்கு சிங் கதைக்கு வருவோம். 2008-ல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்கிற அமெரிக்க ஏஜென்ட் இந்தியாவுக்கு வந்து, 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு போட்டி நடத்தினார். யார் வேகமாகப் பந்து எறிகிறார்கள் என்று பார்க்கிற போட்டி. கலந்துகொண்டவர்கள் சுமார் 37 ஆயிரம் பேர். ஜெயித்தவர், பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத நம் ஆள்! மணிக்கு 87 மைல் வேகம். அதாவது 140 கிலோமீட்டர். பரிசு 1 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் நம்மூர் பணம் சுமார் 40 லட்சம்.

ஈட்டி எறிந்த கைதானே, பந்து எறிவது சுலபம் என்று தோன்றும். ஈட்டி 800 கிராம். பேஸ்பால் 145 கிராம் சொச்சம். ஈட்டியை ஓடிவந்து எறியலாம், தூரம்தான் முக்கியம். பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்து, 18 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில், ஒரு ஜன்னல் அளவு இடத்துக்குள் எறிய வேண்டும். மறுபடி மறுபடி! லாரி ஓட்டுகிறவரிடம் தையல் மெஷினைக் கொடுத்தமாதிரி. இரண்டுக்கும் கால்தான் வேண்டும், ஆனால் வேலை வேறு.

லாஸ் ஏஞ்சலிஸில் கொண்டுபோய்ப் பழக்கினார்கள். அதே வருஷம் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி, இவரையும் கூட வந்த தினேஷ் படேலையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்க பேஸ்பாலில் அப்படி ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் இந்த இருவர்தான். 2014-ல் டிஸ்னி இதைப் படமாகவே எடுத்தது. மியூஸிக் நம் ஏ.ஆர். ரஹ்மான்!

படம் சந்தோஷமாக முடிந்துவிடும். வாழ்க்கையில்தான் இன்டர்வெலுக்குப் பிறகும் ரீல் ஓடுமே! ரிங்கு ஆடியதெல்லாம் மைனர் லீகில். மேஜர் லீக் என்கிற மாடிக்கு அவர் கடைசிவரை ஏறவே இல்லை. படம் தியேட்டருக்கு வந்த நேரத்தில் அவருக்கு முழங்கை ஆபரேஷன் முடிந்திருந்தது. 2012-க்குப் பிறகு எந்த சீஸனிலும் அவர் பந்து எறியவில்லை. எந்தக் கையை நம்பி விமானம் ஏறினாரோ, அந்தக் கையே 'ஸாரி' சொல்லிவிட்டது.

2018 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் சேர்ந்தார். நோட்டுக்குள் ஒளித்துவைத்து சீட்டு ஆடினோமே, அந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப்.தான் 2002-ல் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டது. சேர்ந்தபோது ரிங்குவுக்கு வயது 29. பதவி? பயிற்சியாளர் அல்ல ஸார், பயிற்சி பெறுபவர். டிரெய்னி!

இந்த 29-ல் எனக்கு ஒரு தனி அக்கறை உண்டு. எங்கள் தெருப் பையன் ஒருத்தன், ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷம் காண்ட்ராக்ட்டில் இருந்தான். போன வருஷம் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கிற வேறொரு கம்பெனி டிரெய்னியாகக் கூப்பிட்டது. போகத் தயங்கினான். "அண்ணா, அங்க எல்லாம் இருபது வயசுப் பசங்க. அவங்ககூட லைன்ல நின்னு, ஸ்பேனர் பிடிக்க முதல்லேருந்து கத்துக்கறதா? ஊர்ல சிரிப்பாங்கண்ணா" என்றான்.

அவனிடம் ரிங்குவின் முதல் பாடத்தைச் சொன்னேன். மல்யுத்தப் பள்ளியில் முதலில் கற்றுத்தருவது அடிப்பதை அல்ல, விழுவதை. தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். கைகளை விரித்துத் தரையில் அறைய வேண்டும். அப்போதுதான் அடி ஓரிடத்தில் இறங்காமல் உடம்பெல்லாம் பரவும். படம் எடுக்கப்பட்ட ஒரு மனுஷன், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை பொத்தென்று விழுந்து பழகினான்!

'அதெல்லாம் செட்டப்' என்பீர்கள். யார் ஜெயிப்பது என்பதுதான் செட்டப். விழுவது நிஜம். இங்கிலாந்தில் ரக்பி லீக் ஆடிவிட்டு மல்யுத்தத்துக்கு வந்தவர் லூக் மென்ஸீஸ். மேடைப் பெயர் ரிட்ஜ் ஹாலண்ட். 2022 மார்ச்சில் அவர் தூக்கிப் போட்டதில், பிக் ஈ என்கிற பழுத்த வீரர் தலைகுப்புற விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. ஸ்கிரிப்டில் அது இல்லை.

ரிங்குவுக்குப் புதுப் பெயர், வீர் மஹான். 'வீர் மஹான் வருகிறார்' என்று 2021 கடைசியிலிருந்து மாசக்கணக்கில் விளம்பரம். கிருஷ்ணகிரிக்கு ரயில் வரும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோமே, அதுபோல. ஒரு வழியாக 2022 ஏப்ரல் 4-ம் தேதி வந்தார். ஆனால் சில மாதங்களிலேயே பழைய பயிற்சிப் பிரிவுக்குத் திரும்ப அனுப்பினார்கள். 2024 ஏப்ரலில் வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

நான் படித்தது பி.காம். எதையும் வரவு, செலவு போட்டுத்தான் பார்ப்பேன். மேஜர் லீக் ஆட்டம்: பூஜ்யம். சாம்பியன் பெல்ட்: பூஜ்யம். ஈட்டிக் கை பேஸ்பாலில் பாதிதான் செல்லுபடியானது. பேஸ்பால் கை, மல்யுத்தத்தில் செல்லவே இல்லை. கற்ற தொழில் அடுத்த தொழிலுக்குக் கூட வரவில்லை என்பதுதான் கணக்கு சொல்கிற உண்மை.

கூட வந்தது ஒன்றே ஒன்று. தன்னைவிடச் சின்னவர்கள் நடுவில் நின்று, 'எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்க' என்று கேட்கிற துணிச்சல். ஈட்டியைக் கீழே வைத்தபோது ஒரு தடவை, பந்தைக் கீழே வைத்தபோது ஒரு தடவை அதைச் சொல்லியிருக்கிறார். அதை வைத்துத்தான் கோபிகஞ்ச் லாரி டிரைவர் மகன் பத்து வருஷத்துக்குள் இரண்டு புதுத் தொழில்களில் சம்பளம் வாங்கினார்.

உடனே ராஜினாமா எழுதிவிடாதீர்கள். இ.எம்.ஐ. யார் கட்டுவது? சொல்லவந்தது இவ்வளவுதான்: நாமே விட்டாலும் சரி, அவர்களே விடச்சொன்னாலும் சரி, அடுத்த வாசலில் நிற்கும்போது பழைய டெஸிக்னேஷனைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டு உள்ளே போகலாம்.

எங்கள் பையன் இப்போது ஸ்கூட்டர் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருகிறான். டீக்கடை பெஞ்சு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதுவும் பல வருஷமாக ஒரே இடத்தில்தான் இருக்கிறது!